பசை ஊற்றி மூடிய சுருள்

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அதனால் எதையும் கணக்குப் போட்டு முடித்த பிறகுதான் கையால் தொடுவேன். அமெச்சூர் வானொலி உரிமம் வாங்கிய பிறகும் அப்படித்தான்.

குரங்கணிக்கு மேலே, அப்பா ஜீப்பில் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கும் ஏலக்காய்த் தோட்டத்தில் செல்போன் எடுக்காது. அங்கிருந்து, தேவாரத்தில் இருக்கும் என் கல்லூரி நண்பனோடு ரேடியோவில் பேசிக் காட்டுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அதை ஜீப் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஆன்டெனாவுக்கு இருபது மீட்டர் கம்பி வேண்டும். தோட்டத்தில் வாகாகக் கிடைத்த இரண்டு மரங்களுக்கு நடுவே பன்னிரண்டு மீட்டர்தான். குறைகிற நீளத்தை ஈடுகட்ட இரு பக்கமும் ஒரு கம்பிச் சுருள் கோக்க வேண்டும். மூன்று வாரம் கம்ப்யூட்டரில் அதை மாடல் செய்தேன். என் மாடலில் சுருள் என்பது வெறும் புள்ளி. அதற்கு நீளம் கிடையாது, உடம்பு கிடையாது. பேச வேண்டிய அலைவரிசையில் ஆன்டெனா அச்சுப் பிசகாமல் வந்து நின்றது. அந்த மாடலின் வரைபடத்தைச் சுவரில்கூட ஒட்டினேன்.

பிறகு பிவிசி குழாயில் சுருளைச் சுற்றினேன். மலையில் சாரல் அடிக்குமே என்று, அளந்து பார்க்கும் முன்பே பசை ஊற்றி இறுக மூடினேன். கணக்குத்தான் சரியாக வந்துவிட்டதே!

ஞாயிற்றுக்கிழமை மரத்தில் கட்டி மீட்டரை வைத்தால், அலைவரிசை எங்கோ கீழே கிடந்தது. மாடலில் இல்லாத குழாயும் பசையும் சேர்ந்து இழுத்துவிட்டிருந்தன. சில சுற்றுகளைப் பிரித்தால் சரியாகிவிடும். பிரிக்கத்தான் முடியாது.

"என்னடா, சோலி முடிஞ்சுச்சா?" என்றார் அப்பா.

"சுருளு ஒட்டிக்கிருச்சுப்பா."

"யாரு ஒட்டுனது?"

"நான்தான்."

"பானட்டுக்கு வெல்டு வச்சுப்புட்டு இன்ஜினு பாக்க வந்திருக்கியாக்கும். வெரசா பாரு, பன்னெண்டு மணிக்கு வண்டி எறங்கணும்."

கம்பி குறைந்தாலும் அலைவரிசை மேலே ஏறும்; சுருளைத் தொட முடியாததால் கம்பியின் நுனிகளை நறுக்கினேன். ஒரு சாண். இன்னும் அரைச் சாண். ஏற்கெனவே கட்டை, இப்போது படுகட்டை. மூன்று வாரக் கணக்கைக் கட்டிங் பிளேயர் அரை மணி நேரத்தில் திருத்தியது.

அழைப்புக் குறியைச் சொல்லி அழைத்தேன். இரைச்சல். மறுபடி அழைத்தேன். இரைச்சலுக்குள்ளிருந்து நண்பனின் குரல் வந்தது.

"கேக்குதுடா மாப்ளே! ஆனா ஏலக்கா மூட்டைக்குள்ள உக்காந்து பேசுறாப்புல இருக்கு!"

அப்பா ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். இறங்கும் வழியில் எதிரே வந்த ஜீப்பை மறித்து, "பய பேசிட்டான்யா, தேவாரத்துல கேட்டுச்சு" என்றார். பசையைப் பற்றி மூச்சு விடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

குரங்கணி ஜீப் ஸ்டாண்டு வந்ததும் பசைக் கதையையும் சொல்லிவிட்டார்.