போகம்பரைத் திடலில் ஓர் அரோகரா

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடம் யோசித்தேன். முருகன் பெயரை ஜாஸ் கச்சேரியில் கூவியவன் என்று ஏற்கெனவே எனக்குப் பெயர். அதிகம் படித்தவனும் இல்லை. ஆனாலும் அவன் அருளைச் சொல்லாமல் மூடி வைப்பது பாவமாகப் படுகிறது.

அந்தச் சித்திரை வெயில் காலத்தில் கண்டி டவுனில் சனிக்கிழமை தோறும் திறந்தவெளியில் இலவசமாக ஜாஸ் வாசித்தார்கள். என் மகள் சுபா அதில் டிரம்பெட் ஊதினாள். அதே டவுனில், மஹய்யாவவில் சித்தி வீட்டில் தங்கிப் படித்தவள். பள்ளிக்கூட பேண்டில் பழகியது. முந்தின சனி, தனியாக ஊத வேண்டிய இடத்தில் பாதியில் நின்றுவிட்டாள்.

"இன்னைக்கும் நின்னுச்சுன்னா வேற ஆளப் போட்டுருவாங்கப்பா. நீங்க வராதீங்க, பாத்தா இன்னும் பயம் வரும்" என்று அடுத்த சனி காலையில் போனில் அழுதாள்.

"மறைஞ்சு நின்னு பாத்துட்டு வாங்க" என்றாள் என் மனைவி. "வாய மட்டும் தெறந்துறாதீங்க. ஒங்க தொண்ட கலஹாவுல கெளம்புனா கம்பளையில கேக்கும்."

உண்மைதான். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் தேர் வளைவில் நின்றுவிட்டால், வடம் பிடிப்பவர்களைக் கிளப்ப முதல் குரல் கொடுப்பவன் நான்.

பகல் இரண்டு மணிக்கு எங்கள் ஊர் கலஹாவில் பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்றுப்பத்து ரூபாய். மடியில் தேங்காயைப் பார்த்த கண்டக்டர், "கோயிலுக்கா ஐயா?" என்றார். "கோயிலுக்கும்தான், ஜாஸுக்கும்தான்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு பேராதனை வரை ஓயவில்லை.

கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, கட்டுக்கலைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கால் மணி நேரம் நடந்து ஐந்தரைக்குப் போகம்பரை போய்ச் சேர்ந்தேன். வானம் கறுத்திருந்தது. ஆனாலும் திடல் நிறைய சனம்! சுண்டல்காரர், ஐஸ்கிரீம் வண்டி, பிள்ளைகளோடு குடும்பங்கள். திருவிழாவேதான்! உட்காரும் கதிரைக்குக்கூடக் காசில்லை. திகனவில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அன்பர் அகன்ற முதுகோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் இடம் பிடித்தேன். வாசிப்பு தொடங்கியதும் அவரிடம் கேட்டேன்:

"ஏன் மொதலாளி, பாட்டு முடியாமலே கை தட்டுறாங்க?"

"ஒவ்வொரு ஆளா தனிய வாசிப்பாங்க. நல்லா ஈந்தா அங்கயே தட்டுற. மூணு கெழமையா சனிக்குச் சனி வாறேன், வேற ஒண்டும் வெளங்கல்ல. ஆனா வராம ஈக்க ஏலா." பிறகு திரும்பிப் பார்த்தார். "நீங்க ஏன் எனக்குப் பின்னால குனிஞ்சிட்டு ஈக்கிற?"

"மக ஊதப்போகுது. என்னப் பாத்தா பயந்துரும்."

"அப்ப நான் அசையமாட்டேன்" என்று தோளை இன்னும் அகட்டிக்கொண்டார்.

சுபா முன்னால் வந்தாள். மெதுவாகத் தொடங்கி, படி ஏறுவதுபோல் மேலே மேலே ஊதிப் போனாள். எனக்குப் புல்லரித்தது. சட்டென்று மூச்சு அறுந்தது. டிரம்பெட்டை இறக்கிவிட்டாள். மற்றவர்கள் நிறுத்தவில்லை, அதே தாளத்தைச் சுற்றிச் சுற்றி வாசித்துக் காத்திருந்தார்கள். வளைவில் தேர் நின்றுவிட்டது.

எப்போது எழுந்தேன், தெரியாது.

"கந்தனுக்கு!"

திடலே திரும்பியது. வெட்கத்தில் செத்தேன். அதற்குள் மஹய்யாவத் தமிழ்ச் சனம் இருந்த பக்கத்திலிருந்து பதில் வந்தது: "அரோகரா!" முன்னால் இருந்த முதலாளி கை தட்டத் தொடங்கினார். மேடையில் டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே ஓங்கி ஒரு அடி அடித்தார். சுபா என்னைப் பார்த்தாள். தலையில் கை வைத்தாள், சிரித்தாள், கருவியைத் தூக்கினாள். விட்ட இடத்திலிருந்து ஊதினாள் பாருங்கள், வடம் இழுபட்டுத் தேர் கோபுரவாசல் வந்து சேர்ந்தது! அப்போதுதான் மழையும் விழுந்தது. ஒருவரும் எழவில்லை.

முடிந்ததும் நனைந்தபடி ஓடி வந்தாள். "வராதீங்கன்னு சொன்னேன்ல?"

"மறைஞ்சுதாம்மா இருந்தேன்."

"நல்லா மறைஞ்சீங்க! பேண்ட் மாஸ்டர் கேக்குறாரு, அடுத்த சனியும் நான் ஊதுறப்ப அப்பா வருவாரான்னு."

கடைசி பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று தோன்றியது. எங்கள் தேர் வளைவில் நிற்கும்போதும் அப்படித்தான், மேளக்காரர் கையை எடுப்பதில்லை. நின்ற தேருக்காகக் காத்திருக்கத் தெரிந்த இடமெல்லாம் அவன் சந்நிதிதான்.

இப்போது கலஹாவில், நான் மேடையேறி ஆடினேன் என்கிறார்கள். சாமி வந்ததாகவும் கேள்வி. நான் ஆடவில்லை. குரல் கொடுத்தது நான், காத்திருந்தது அந்த வாத்தியக்காரர்கள், ஊதியது என் மகள். யாரிடம் சொன்னாலும் தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். ஒன்றும் கூட்ட வேண்டாம், ஒன்றும் குறைக்கவும் வேண்டாம்.