லேத்காரரின் குரல்

மின்சார அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் அந்தப் பெண்மணிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. மற்றபடி ஊருக்கெல்லாம் அவர் ரீவைண்ட் அக்கா. கேசட்டை ஓடவிட்டு, நாலு விநாடி கேட்டு, நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி அதே நாலு விநாடி. இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

அலுவலகத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட பாட்டுக் குழு ஒன்று உண்டு. பாடச் சொன்னால் பாடுவார்கள், யார் எதைப் பாடுவது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். அவர்களுக்காக ஒரு பாட்டை நான்கு குரலாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பாகத்தைக் கொடுப்பது அக்காவின் பொறுப்பு. அச்சிட்ட தாள் எதுவும் கிடையாது. எல்லாம் காதுதான். மூன்று நிமிடப் பாட்டுக்கு மூன்று வாரம் ஆகும். "கேட்டு எழுதறதுதானே?" என்று மேலாளர் ஒருமுறை கேட்டுவிட்டார். அக்கா ஒரு கேசட்டை அவர் கையில் திணித்துவிட்டு வந்தார். மறுநாளே மேலாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலில் கீழ்க்குரல். தரையில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டருக்குப் பக்கத்தில் காதை வைத்து, அடியில் போகிற குரலைப் பிடித்துவிட வேண்டும். அது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து மேல்குரல். அது தானாகவே வந்து காதில் விழும். உயிரை எடுப்பது நடுவில் இருக்கிற இரண்டு குரல்கள்தான். ஒரு சுரத்தை ஊகித்துக்கொண்டு, பாட்டோடு சேர்ந்து மெல்ல முனக வேண்டும். முனகல் பாட்டுக்குள் கரைந்துபோனால் சரி. உரசினால் தப்பு, ஆரம்பத்திலிருந்து வா. அக்காவின் கணவர் ஓய்வு பெற்ற தபால்காரர், பொறுமைசாலி. அவரே ஒரு நாள், "இந்தப் பாட்டோட மீதிய நாம எப்பதான் கேக்கப்போறோம்?" என்று கேட்டார்.

அக்காவிடம் ஒரு கள்ளத்தனமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடப் பழக்கத்தில், கீழே இது, மேலே இது என்று தெரிந்துவிட்டால் நடுவில் எது இருக்க வேண்டும் என்று அவர் கைக்கே தெரியும். கேட்காத இடத்தைக் கேட்டதுபோல் எழுதிவிடுவார். குழு பாடும்போது நன்றாகத்தான் இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. அவரும் அதைத் தப்பென்று நினைத்ததில்லை.

அப்படி இருக்கையில்தான் லேத்காரரின் மனைவி வந்தார். எதிர்ப்புறப் பட்டறையில் லேத் என்கிற கடைசல் எந்திரத்தை ஓட்டியவர் அந்த லேத்காரர், மாரடைப்பில் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மனைவி கைப்பைக்குள்ளிருந்து பழைய கேசட் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பட்டறையில் நான்கு நண்பர்கள் சேர்ந்து பாடியது. அந்த நான்கு பேரில் கடைசியாக மிஞ்சியிருந்தவர் லேத்காரர்தான்.

"இதுல அவர் குரல் எதுன்னு எனக்குத் தெரியலம்மா," என்றார் அந்த அம்மாள். "மேல பாடறது வெல்டர். கீழ பாடறது வாட்ச்மேன். நடுவுல ரெண்டு பேர். ஒண்ணு பெயிண்டர், இன்னொண்ணு இவர். பெயிண்டர் குரல் கரகரன்னு இருக்கும், அதைக் கண்டுபிடிச்சிட்டேன். இவர்தான் கிடைக்கல. அடுத்த மாசம் பட்டறையில நினைவுக் கூட்டம் வெக்கிறாங்க. உங்க குழு இந்தப் பாட்டைப் பாடணும். அவர் பாகத்தை நான் பாடறேன். அவர் குரலை எனக்குத் தேடிக் குடுங்க."

மூன்று வாரத்துக்குள் வேண்டும். கேசட்டோ பழையது, இரைச்சல். அக்கா மூன்று குரல்களை ஒழுங்காகக் கேட்டே எழுதினார். நாலாவது குரல் நழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை முட்டி மோதிப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்தார். இருக்க வேண்டியதை எழுதினார். அழகான பாகம். ஏறி, குழைந்து, இறங்கி வந்து உட்காரும். அதைத் தன் குரலில் பாடி வேறொரு கேசட்டில் பதிந்து, பழைய கேசட்டுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் அந்த அம்மாளிடம் கொடுத்தார்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒத்திகைக்கு அந்த அம்மாள் வந்தார். கண் வீங்கியிருந்தது. பாகத்தை ஒரு பிசிறில்லாமல் பாடினார். பாடி முடித்து அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரு சந்தேகம்மா. வீட்ல அவங்க பாடின பழைய கேசட்டைப் போட்டுக் கூடவே பாடறேன். நடுவுல ஒரு இடத்துல இடிக்குது."

"கேசட் பழசுக்கா, அதான்," என்றார் அக்கா.

"சரிம்மா, உங்களுக்குத் தெரியாததா." அந்த அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "முப்பத்தாறு வருஷம் கூட இருந்திருக்கேன். இவருக்கு இப்படியெல்லாம் பாட வரும்னே எனக்குத் தெரியாமப் போச்சு. என்கிட்ட ஏன் ஒரு தடவைகூடப் பாடிக் காட்டலன்னுதான் நாலு நாளா அழுதுட்டு இருக்கேன்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தான் சும்மா நிரப்பிய ஒரு இடம் செத்துப்போன ஒருவரை அவர் மனைவிக்கே அந்நியராக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து கணவரிடம் கொட்டித் தீர்த்தார். "யாருக்குத் தெரியப்போகுது? அவங்களே சரின்னுட்டாங்க," என்றார் அவர். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். தபால்காரர் எழுந்து போய் டேப் ரெக்கார்டரை எடுத்துவந்து முன்னால் வைத்தார்.

மறுநாள் அக்கா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். காலையிலிருந்து நாலு நாலு விநாடியாக, ஊகம் எதுவும் இல்லாமல், ஒவ்வொரு சுரமாக முனகிப் பார்த்தார். ஒவ்வொன்றும் எங்காவது ஓரிடத்தில் உரசியது. மதியத்துக்கு மேல், அலுத்துப்போய், ஒரே சுரத்தைப் பிடித்தபடி நிறுத்தாமல் பாட்டை ஓடவிட்டார். முனகல் கரைந்தது. முதல் அடியில் கரைந்தது, இரண்டாம் அடியிலும் கரைந்தது. மற்ற மூவரும் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். இவர் மட்டும் அசையவே இல்லை. மற்ற குரல்களோடு உரசுகிற இடத்திலும் அசையவில்லை. பாட்டு முழுக்க ஒரே சுரம். வரியின் நடுவில், மூச்சு வாங்கக் கூடாத இடத்தில் மூச்சு வாங்குகிறார், மறுபடி அதே சுரத்தில் வந்து நிற்கிறார். பாட வராத நண்பனைக் கழற்றிவிட மனசில்லாமல், இதை மட்டும் பிடிச்சுக்கோ என்று மற்ற மூவரும் சொல்லியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலமே லேத்காரர் வீட்டுக்குப் போனார். நின்றபடியே சொன்னார். "அக்கா, நான் குடுத்தது அவர் பாடினது இல்ல. கேக்காமலே நானா எழுதினது. இதுவரைக்கும் நிறையப் பாட்டுல இப்படித்தான் செஞ்சிருக்கேன். உங்ககிட்டயும் செஞ்சிட்டேன். தப்பு." பிறகு கேசட்டை ஓடவிட்டு, அந்த ஒரு சுரத்தை முனகிக் காட்டினார்.

அந்த அம்மாள் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். திட்டுவார் என்று அக்கா காத்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணுதானா?"

"ஒண்ணேதான்க்கா."

"இதைத்தான் தினமும் ஷேவ் பண்றப்ப இழுத்துட்டு இருப்பாரு. ரேடியோவுல எந்தப் பாட்டு ஓடினாலும் இதேதான். 'தலைவலிக்குது, நிறுத்துங்க'ன்னு நான் கத்துவேன்." அந்த அம்மாள் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையானது. "இவர்தாம்மா. இது எங்க வீட்டு ஆள்தான்."

சனிக்கிழமை பட்டறையில் எந்திரங்களை நிறுத்தி, நாற்காலி போட்டிருந்தார்கள். குழு நடுவில் அந்த அம்மாள் நின்றார். தொடங்கச் சொல்லி அக்கா கையை உயர்த்தினார். பாட்டு முழுக்க அந்த அம்மாள் ஒரே சுரத்தில் நின்றார், உரசுகிற இடத்திலும் நின்றார். பாட்டு முடிந்து மற்ற மூன்று குரல்களும் அடங்கின. அந்த அம்மாள் நிறுத்தவில்லை. யாரோ இருமினார்கள். கூட்டத்தில் ஓரிருவர் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா, முடிந்ததென்று இறக்க வேண்டிய கையை இறக்காமல், அந்த அம்மாளுக்கு மூச்சு தீருகிறவரை அப்படியே நின்றுகொண்டிருந்தார்.