பிறஷர் என்ற சொல்

நான் பௌதிகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் தம்பி வடமராட்சிக் கடலில் சிலிண்டர் பூட்டிச் சுழியோடி, கடலட்டை பிடித்தவன். இன்று அவனால் நடக்க முடியாது. அதில் என் பங்கை எழுதுகிறேன்.

அன்று பின்னேரம் எங்கள் வாசிகசாலையில், செவ்வாயில் மனிதர் குடியேறலாமா என்று பேசிக்கொண்டிருந்தேன். அங்கே வளியமுக்கம் இங்குள்ளதில் நூறில் ஒரு பங்கும் இல்லை என்றேன்.

"கிணறு வெட்டலாமோ மாஸ்டர்?" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"தண்ணி வந்தாலும் நிக்காது. அடுப்பில்லாமலே கொதிச்சுப் போகும்."

"அப்ப எங்கடை உவர்க்கிணறே திறம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஒரு சோடாப் போத்தலைத் திறந்து காட்டினேன். மூடி இருக்கும்வரை வாயு தெரியாது. அமுக்கம் சட்டென்று குறைந்தால் குமிழியாகும். அங்கே காப்புடை கிழிந்தவனின் இரத்தத்திலும் இப்படித்தான் என்றேன்.

அப்போதுதான் தம்பியின் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

"அத்தான், இவர் கடலாலை வந்து, தலை சுத்துது எண்டு படுத்திட்டார். பிறஷராம் எண்டு கூடப் போனவை சொல்லினம்."

எங்கள் ஊரில் பிறஷர் என்றால் இரத்த அழுத்தம். தம்பிக்கும் அது இருந்தது. சுழியோடிகள் அதே சொல்லால் குறிப்பது வேறு: ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்தவனின் இரத்தத்தில் குமிழி பிடிப்பது.

"பிறஷர்க் குளிசையைக் குடுத்துப் படுக்கவிடும் பிள்ளை. காலமை பாப்பம்."

கையிலிருந்த போத்தல் இன்னும் நுரைத்துக்கொண்டிருந்தது.

காலையில் அவன் கால்கள் அசையவில்லை. "ஏன் நேற்றே கொண்டுவரேல்லை?" என்று வைத்தியர் கேட்டார். அவள் தலைகுனிந்து நின்றாள். நானும் வாய் திறக்கவில்லை. சொல்லைப் பிழையாக விளங்கிவிட்டேன் என்றுதான் பிறகு எல்லோருக்கும் சொன்னேன். அது பாதி உண்மை. கடல் என்ற சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எவ்வளவு ஆழம் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். வாசிகசாலைப் பேச்சை முடிக்கும் அவசரம்.

போன கிழமை, சக்கர நாற்காலியில் இருந்து கைபேசியில் செவ்வாய்ச் செய்தி பார்த்த தம்பி கேட்டான்.

"அண்ணை, அங்கை போறவைக்கும் என்ரை வருத்தம் வருமோ?"

"ஓம். அமுக்கம் சட்டெண்டு குறைஞ்சா வரும்."

"அப்ப விசயம் தெரிஞ்ச ஆள் ஒண்டு பக்கத்திலை நிக்கவேணும்."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. "அண்டைக்கு அவள் கடல் எண்டு சொன்னது எனக்குக் கேட்டது" என்றேன்.

அவன் கைபேசியை மடியில் வைத்தான்.

"தெரியும் அண்ணை. அவள் அப்பவே எனக்குச் சொன்னவள். தேத்தண்ணி வருது, குடிச்சிட்டுப் போங்கோ."

அவள் கொண்டுவந்தாள். வழக்கம்போல் முதலில் எனக்குத்தான் தந்தாள்.