‘ஆ’ தாள் வாங்கிய தையல்காரி

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

“தேர்தல் அன்னைக்கு முதல் ஆளா போய் நிக்கிறவங்களாச்சே பக்கத்து வீட்டுத் தையல்காரக்கா!” அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள் மனைவி. “மணி அஞ்சு தாண்டிடுச்சு, இன்னும் மிதிச்சுக்கிட்டிருக்காங்க.”

டாக்டர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

டாக்டர் என்றதும் யாரும் நாக்கை நீட்டிக் காட்டிவிட வேண்டாம். இவர் ஊசி போடாத டாக்டர். பட்டம் வாங்கியும் நிரந்தர வேலை கிடைக்காதவர்களுக்கு இரண்டு வருட ஒப்பந்தமும், ஒரு மேசையும், மூச்சு வாங்கும் அளவுக்கு நீளமான பதவிப் பெயரும் தருவார்கள் அல்லவா? அந்த ரகம். இது மூன்றாவது மேசை. வயது முப்பத்தெட்டு.

ஓட்டுச்சாவடியில் அடையாள அட்டைக்குக் கெடுபிடி என்று கேள்விப்பட்டால் ஜனங்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. முன்னோட்டமாகத் தன் தெருவிலேயே நாற்பது வீடுகளுக்குக் கேள்வித்தாள் கொடுத்தார். சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு ‘அ’ தாள். அதில் இருந்தது நிஜமான விதி. மீதிப் பேருக்கு ‘ஆ’ தாள். அதில் டாக்டரே உட்கார்ந்து எழுதிய விதி: ‘அட்டையில் உள்ள படத்தோடு முகம் ஒத்துப்போகாதவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள்.’

அது கற்பனை என்று விளக்கும் கடிதம், தேர்தல் முடிந்த மறுவாரம்தான் போகும். ‘இதனால் எவருக்கேனும் தீங்கு உண்டா?’ என்று பல்கலைக்கழகப் படிவம் கேட்டது. ‘இல்லை’ என்று எழுதினார். டீ ஆறுவதற்குள் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு கையெழுத்துப் போட்டுவிட்டது.

மிஷின் நின்றது. கதவு தட்டப்பட்டது. தைத்து முடித்த தலையணை உறைகளோடு உள்ளே வந்தாள் தையல்காரக்கா.

“அக்கா, ஓட்டுப் போடப் போகலையா?” என்றாள் மனைவி.

“எங்கம்மா போறது?” என்று இடுப்பிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். படத்தில் குண்டுக் கன்னம், தோளில் வழியும் பின்னல். எதிரே நின்றதோ, போன வருடத்துக் காய்ச்சல் தின்றுவிட்டுப் போன மிச்சம். ஒட்டிய கன்னம், விரற்கடை முடி. “தம்பி குடுத்த தாள்லயே போட்டிருந்துச்சே. அத்தனை பேர் முன்னாடி ‘இது நீ இல்ல’னு ஒருத்தன் சொல்லிட்டா, அப்புறம் நான் யாரு தம்பி?”

கல்லும் கரையும் கேள்வி. டாக்டர் கரையவில்லை. அவர் நெஞ்சுக்குள் ஒரு சின்ன மத்தாப்பு: ‘ஆ’ தாள் வேலை செய்கிறது!

“காலையில நான் போனப்ப யாரும் அப்படிப் பார்க்கலையே” என்ற மனைவி, கணவன் பக்கம் திரும்பினாள். “ஏங்க, அப்படி ஒரு விதி இருக்கா?”

“அது வந்து... அக்காவுக்கு அடுத்த வாரம் ஒரு கடிதம் வரும்.”

“ஓட்டு ஆறு மணியோட முடியுது. கடிதம் அடுத்த வாரமா?”

“இப்ப சொன்னா ஆராய்ச்சி முடிவு கெட்டுடும்மா. அடுத்த ஒப்பந்தம் குடுக்க மாட்டாங்க.”

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

சொன்னால் போவது இருபதில் ஒரு ஆள். ஐந்து சதவீதம். டாக்டருடைய மனக்கண்ணில் நாலாவது மேசை ஆடியது. கடைசியில், திருடிய பென்சிலைத் திருப்பிக் கொடுக்கும் பிள்ளையின் குரலில் சொன்னார்: “அந்த விதி பொய்க்கா. நான்தான் எழுதினேன்.”

அக்கா அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து இருபது.

“எத்தனை பேருக்கு இப்படிக் குடுத்தீங்க?”

“இருபது. ஆனா யார் யாருனு சொல்லக் கூடாதுக்கா. ரகசியம்.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி. நாலு நாளா ஒவ்வொருத்தியா வந்து, அட்டையக் காட்டி, ‘இது நான் மாதிரியா இருக்கு?’னு என்கிட்டதான் கேட்டுட்டுப் போறாளுங்க. இந்தத் தெருவுல எல்லார் அளவும் என் நோட்டுல இருக்கு.” தலையணை உறைகளைக் கணினிமேல் போட்டாள். “உங்க அளவுதான் விட்டுப்போச்சு. இன்னைக்கு எடுத்துட்டேன்.”

“அக்கா, எல்லார்கிட்டயும் சொல்லிடாதீங்க...” என்று டாக்டர் எழுந்தார்.

அட்டை இடுப்புக்குப் போனது. செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டியது. கதவு படாரென்று சாத்திக்கொண்டது.