இடது முழங்கால் மண்

வேலை முடிந்து வரும்போது என் வீட்டுக்காரரின் கால்சட்டையில் இடது முழங்காலில் மட்டும் மண் அப்பியிருக்கும். பதினெட்டு வருஷமாகத் துவைக்கிறேன். வலது முழங்கால் அப்படி ஆனதே இல்லை. மரம் வெட்டுகிறவர் எதற்கு முட்டி போடுகிறார் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன்.

காட்டுச் சரிவில் முற்றிய மரங்களை மட்டும் வெட்ட அவருக்கு உரிமம். வெட்டப்போகும் மரத்தில் அடித்தால் தன் அடையாளம் பதியும் முத்திரைச் சுத்தியலால் நெஞ்சு உயரத்தில் ஓர் அடி. பிறகு முட்டி போட்டு, மண்ணை விலக்கி, வேரில் இன்னோர் அடி. "மேல இருக்கறது கட்டையோட மில்லுக்குப் போயிடும். கீழ இருக்கறது காட்டுக்கு" என்றார்.

மரம் அறுக்கும் மில்காரருக்குச் சரிவு முழுவதும் வேண்டும். போன வருஷம் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தால், நாற்பது இளமரங்கள் வெட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நெஞ்சு உயரத்தில் இவருடைய முத்திரை. சுத்தியல் எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. யாரோ அதேபோல ஒன்று செய்திருக்கிறார்கள். இவர்தான் முத்திரை போட்டு வெட்டினார் என்று மில்காரர் வனத்துறை ரேஞ்சரிடம் மனுவும் கொடுத்துவிட்டார். அப்புறம் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"தம்பி, உரிமத்தை என் பேருக்கு மாத்திக் கொடு. கேஸ் வராம நான் பாத்துக்கறேன்."

"கொடுத்தா சரிவுல என்ன மிஞ்சும்?"

"புல்லு மிஞ்சும்."

"அப்ப முடியாதுண்ணே. வேணும்னா ஜெயிலுக்குப் போறேன்."

"யானை தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்குமாம். உன் இஷ்டம்."

விசாரணைக்கு முந்தின நாள், இவர் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அந்தக் கால்சட்டையைக் கசக்கிக்கொண்டே கேட்டேன். "அந்த நாப்பது மரத்துக்கும் எவனாவது முட்டி போட்டிருப்பானா?"

என்னையே பார்த்தார். "வாயே திறக்க மாட்டே. திறந்தா இப்படியா?"

மறுநாள் ரேஞ்சரும் மில்காரரும் சரிவுக்கு வந்தார்கள். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். இவர் பழைய அடிக்கட்டை ஒன்றின் வேரில் மண்ணைத் தள்ளினார். முத்திரை இருந்தது. ரேஞ்சர் தாமாகத் தேர்ந்தெடுத்த மற்றப் பழைய அடிக்கட்டைகளிலும் இருந்தது. பிறகு அந்த நாற்பதுக்கும் தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றிலும் இல்லை.

"மறந்திருப்பான்" என்றார் மில்காரர்.

"நாப்பது தடவையாண்ணே? நீங்க மில்லுக்கு வர்ற கட்டையை மட்டும் பாத்தவர். இங்க வந்து ஒரு நாள் குனிஞ்சிருந்தா, இதையும் சேர்த்துப் போட்டிருப்பீங்க."

ரேஞ்சர் சிரிக்கவில்லை. அதை எழுதிக்கொண்டார்.

இவர் மேல் தப்பில்லை என்று ரேஞ்சர் அறிக்கை கொடுத்தார். அதை எதிர்த்து மில்காரர் மேலிடத்தில் முறையிட்டிருக்கிறார். முடிவு தெரியும்வரை சரிவில் யாரும் கோடாலி வைக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் எங்களுக்கும் அங்கே வேலை இல்லை. இவர் லாரிக்குச் சுமை ஏற்றப் போகிறார், தினமும் காலையில் சரிவை ஒரு சுற்று சுற்றிவிட்டு. உரிமம் இவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த நாற்பது போக, மற்ற மரங்கள் நிற்கின்றன.