பன்னிரண்டு எம்பி போட்டோ

கணபதி என்ற ஊரில் ஒரு திருமணத் தகவல் நிலையம். அங்கே நஞ்சம்மாள் இருபது வருடமாக டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங்கில் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ்; கேட்காவிட்டாலும் சொல்லுவார். கண் எப்போதும் தாளில்தான். தட்டும்போது கம்ப்யூட்டர் திரையைப் பார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதியவன் நான், மனோஜ்குமார். அங்கேயே என் ஜாதகத்தையும் பதிந்து மூன்று வருடமாகிறது. எனக்கு முப்பத்து நான்கு வயது. இன்னும் பெண் அமையவில்லை.

பதிந்த மறுவாரமே சூலூரிலிருந்து ரித்திகா என்ற பெண் அப்பாவோடு பதிய வந்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒளிக்க என்ன இருக்கிறது? அவர்கள் போனதும் நஞ்சம்மாளிடம் கேட்டேன்.

“உங்குளுக்குக் காட்டலீங்க தம்பி. பங்காளியாட்ட இருக்குது. தங்கச்சி முறைங்க,” என்றார்.

எங்களில் ஒரே கூட்டத்தார், அதாவது ஒரே குலத்தார், கட்டிக்கொள்வதில்லை. அப்படிப்பட்ட பெண்ணைப் பையனுக்குக் காட்டாதபடி எழுதியதும் நானே. எந்தக் கூட்டம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் புரோகிராமாவது, தவறுவதாவது என்று பேசாமல் வந்துவிட்டேன். பெரிய மேதாவி.

போன மாதம் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது நஞ்சம்மாள் சொன்னார்: “கண்ணன் கூட்டத்துப் பசங்களுக்கெல்லாம் அமைஞ்சுபோச்சு. உங்குளுக்குத்தான் இழுக்குதுங்க.”

“நாங்க ஆந்தை கூட்டமுங்க அக்கா.”

“கம்ப்யூட்டர்ல கண்ணன்னுதானுங்க இருக்குது.”

உட்கார்ந்து நோண்டினேன். மற்றவர்கள் கொடுத்தது செல்போனில் எடுத்த சின்னப் படம். நான் ஸ்டுடியோவில், தாடையில் கை வைத்து எடுத்தது பன்னிரண்டு எம்பி. அவ்வளவு பெரிய படம் கம்ப்யூட்டரில் ஏறுகிற வரை திரை உறைந்து நின்றிருக்கிறது. நஞ்சம்மாள் நிற்பவரா? அடுத்த தாளில் இருந்த கவின் என்ற பெயரைத் தட்டி, என்டரும் அடித்துவிட்டார். அதெல்லாம் வரிசையில் காத்திருந்து, திரை விழித்ததும் என் பதிவிலேயே, கூட்டம் என்ற கட்டத்தில் இறங்கியது. முதல் எழுத்தைத் தட்டினால் பட்டியலில் அந்த எழுத்தில் தொடங்கும் கூட்டத்துக்குத் தாவும் கட்டம் அது. ‘க’ விழுந்ததும் ஆந்தை போய்க் கண்ணன் வந்தது. என்டர் அதைச் சேமித்தது.

திரை வேலையாக இருக்கும்போது எந்த விசையைத் தட்டினாலும் கண்டுகொள்ளாதே என்று மாற்றினேன். நாலே வரி. மூன்று வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டியவை.

நஞ்சம்மாள் தட்டிப் பார்த்தார். “எழுத்த முழுங்குதுங்க தம்பி. டைப்ரைட்டரு இப்படிப் பண்ணாது.”

என் கூட்டத்தைத் திருத்தித் தேடச் சொன்னேன். முதல் பெயரே ரித்திகா, கண்ணன் கூட்டம். பத்துக்கு ஒன்பது பொருத்தம். பக்கத்தில் சிவப்பில்: நிச்சயம் ஆகிவிட்டது, வைகாசியில் கல்யாணம். அந்தச் சிவப்பு எழுத்தும் என் ஏற்பாடுதான்.

அன்றுதான் நஞ்சம்மாள் திரையை நன்றாகப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“வேற பாக்கலாங்க தம்பி,” என்றார். “இந்தத் தடவ சின்ன போட்டோவாக் குடுங்க.”