அஞ்சு மணி அக்காவின் விண்ணப்பம்

எங்கள் கணிதத் துறை அலுவலகத்தில் ஒன்பது வருடமாகத் தற்காலிகமாகவே வேலை பார்த்தவர் அக்கா. துறையில் எந்த இடம் காலியானாலும் விளம்பரம் தட்டச்சு செய்வதும், வரும் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்தி எண் போடுவதும் அவர்தான். பேராசிரியர், விரிவுரையாளர், நூலக உதவியாளர் என்று ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நிரந்தர வேலை அவர் மேசை வழியாகத்தான் போனது. அவருக்கு மட்டும் வரவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கே எரிச்சலாக இருக்கும்.

அவரிடம் ஒரு பழக்கம். கடைசி நாளில் விண்ணப்பக் கட்டைப் பிரித்து, குறையுள்ள ஒவ்வொருவருக்கும் போன் போடுவார். "அஞ்சு மணிக்குள்ள வந்து சரி பண்ணிடுங்க. அஞ்சு அடிச்சா நானே நினைச்சாலும் எடுக்க முடியாது." அதனால் அஞ்சு மணி அக்கா என்றே பெயராகிவிட்டது. நான்கு வருடம் முன்னால் நான் சான்றிதழ் நகலை இணைக்க மறந்துவிட்டு வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தேன். அந்தப் போன் மட்டும் வந்திருக்காவிட்டால் இன்று நான் இங்கே விரிவுரையாளர் இல்லை.

இந்த வருடம் ஒருவழியாக நிரந்தர அலுவலக உதவியாளர் இடம் வந்தது. அக்கா பார்த்த அதே வேலை. கிடைத்தால் அதே நாற்காலி. வேறு யாருக்காவது போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த விளம்பரத்தையும் அவரே தட்டச்சு செய்தார். "என் வேலைக்கு நானே ஆள் தேடறேன், பாத்தீங்களா சார்!" என்று சிரித்தார். அவரும் விண்ணப்பித்ததால், சரிபார்க்கும் வேலையைத் துறைத் தலைவர் என் தலையில் கட்டினார்.

கடைசி நாள் நாலரைக்குத்தான் பிரித்தேன். சோம்பேறித்தனம், வேறென்ன! பதினேழாவது அக்காவுடையது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை, இணைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசிப் பக்கத்தில் கையெழுத்தைக் காணோம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அடுத்த அறையில் மணி அடிப்பது என் காதிலேயே விழுந்தது.

"கணிதத் துறை, சொல்லுங்க."

"அக்கா, உங்க விண்ணப்பத்துல கையெழுத்து இல்ல. அஞ்சு மணிக்குள்ள வந்து சரி பண்ணிடுங்க."

மறுமுனையில் நாற்காலி தடாலென்று நகர்ந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்தார். "ஐயோ, என் புத்தி எங்க போச்சு!" என்று சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பேனாவை மூடியவர் கட்டைப் பார்த்தார். "மத்தவங்களுக்கும் கூப்பிட்டாச்சா சார்?"

"எந்த மத்தவங்க?"

"குறை வச்சிருக்கறவங்க."

மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் அவருக்குப் போட்டி. "அக்கா, உங்க வேலைக்கே உலை வைக்கறீங்களே! சும்மா இருங்க."

"எனக்கு மட்டும் போன் வந்தா அது நியாயமா? மணி நாலே முக்கால். எடுங்க போனை!"

பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்ததும் அக்காதான்.

தேர்விலும் நேர்காணலிலும் அக்காதான் முதல். துறை முழுக்கக் கைதட்டினோம். பணியில் சேரும் கடிதத்தை என்னிடம் நீட்டினார். நான் முதலில் கடைசி வரியைத்தான் பார்த்தேன். ஒன்றுக்கு இரண்டாகக் கையெழுத்து இருந்தது.

"எதுக்கும் இருக்கட்டும் சார்" என்றார்.